ஒரு முழங்கைத் தூரம்

கதைகளில் கண்ணும் கண்ணும் மோதிக்கொள்ளும். இந்தக் கதையில் மோதிக்கொண்டவை வேதாவின் நெற்றியும், வேங்கிக்கால் நடைபாதையில் நின்ற ஒரு மின்கம்பமும். என்ன செய்வது... நடந்ததைத்தானே சொல்ல முடியும்?

அன்று வியாழக்கிழமை. ஐப்பசி மழை விடிய விடியக் கொட்டிவிட்டு அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பேருந்திலிருந்து இறங்கியபோது வேதா நடத்துனருக்கு இரண்டு முறை நன்றி சொன்னாள். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். இருபத்தாறு வயதில் முதல்முறையாகத் தன்னந்தனியாக வேலைக்கு வந்திருக்கிறாள்.

வேதாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பேருந்து நிறுத்தத்திலிருந்து முந்நூறு அடி தள்ளி இருக்கும் பார்வையற்றோர் உதவி மையத்தில் வேலை. அடையாள அட்டைக்கு அலைபவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பாள். பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு, அவர்கள் சொல்லச் சொல்ல எழுத ஆள் தேடிக் கொடுப்பாள். பேசும் செல்போனைப் பழக்கிவிடுவாள். ஊருக்கெல்லாம் வழி சொல்பவளை, அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து மூன்று வருடமாக அவள் அப்பா ஆதிமூலம்தான் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். மல்லாட்டை என்று அவர்கள் சொல்லும் நிலக்கடலைக் காட்டில் வேலை தலைக்கு மேல் கிடந்தாலும் மகளைத் தனியாக அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

வேதா விடவில்லை. அந்த முந்நூறு அடிக்கு மஞ்சள் டைல்ஸ் போடச் சொல்லி இரண்டு வருடம் மனு மேல் மனு கொடுத்தாள். பார்வையில்லாதவர்கள் காலாலும் கோலாலும் தடவித் தெரிந்துகொள்ளும் டைல்ஸ் அது. நீளக் கோடு இருந்தால் நடக்கலாம். புள்ளிகள் வந்தால் நிற்க வேண்டும். பாதை வந்தால் தனியாகப் போகலாம் என்று ஆதிமூலம் வாக்குக் கொடுத்திருந்தார். பாதை வந்துவிட்டது. அதனால்தான் அந்தச் சந்தோஷம்.

வெள்ளைக் கோலின் நுனியில் கோடுகள் தட்டுப்பட்டன. காலுக்கடியிலும் கோடுகள். வேதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதையே கையைப் பிடித்துக் கூட்டிப் போவது போல் இருந்தது. நம்பி, வேகமாக நடந்தாள். கோடு... கோடு... கோடு... நங்!

கோல் கம்பத்தின் ஓரமாய் நழுவிப் போயிருந்தது. நெற்றி நழுவவில்லை. தலைக்குள் மணியடித்தது. அவள் சுதாரிப்பதற்குள் யாரோ ஓடிவந்து அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார்கள்.

"கையை விடுங்க" என்றாள் வேதா.

விட்டுவிட்டார்கள்.

"அடி பலமாங்க? ரத்தம் வரல... ஆனா புடைச்சுக்கினு இருக்கு." ஆண் குரல். பதறிப்போன குரல்.

வேதாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அவளுக்கு எப்போதும் கோபம்தான் ஜெயிக்கும். "கோடு போட்டா நட, புள்ளி வெச்சா நில்லுனு அர்த்தம். கம்பத்துக்கு முன்னால புள்ளி எங்க? கோட்டை நேரா கம்பத்துலயே கொண்டுபோய் முட்ட விட்டிருக்கான். இதைப் போட்டவனுக்குக் கண்ணு தெரியாதா?"

பதில் மிகச் சன்னமாக வந்தது. "தெரியும்ங்க..."

"உங்களைக் கேக்கல."

"சரிங்க."

அவன் பேர் முருகவேல் என்று தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் ஆனது. மையம்வரை கொண்டுவந்து விடுகிறேன் என்று மறுபடி அவள் கையைப் பிடிக்க வந்தான். வேதா அங்கேயே ஒரு பாடம் நடத்தினாள். "கண்ணு தெரியாதவங்களை இழுக்கக் கூடாது. நாங்க என்ன மூட்டையா? உங்க முழங்கையைக் குடுங்க, நான் புடிச்சுக்கறேன். நீங்க அரை அடி முன்னால நடங்க. நீங்க திரும்பினா எனக்குத் தன்னால தெரியும்."

முழங்கை வந்தது. தயங்கித் தயங்கி, பரிசு கொடுக்கிற மாதிரி வந்தது. அதை லேசாகப் பற்றிக்கொண்டு நடந்தபோது வேதா கேட்டாள். "நீங்க சிமெண்ட் வேலைங்களா? அப்ப இழுத்தீங்களே, உள்ளங்கை உப்புத்தாள் மாதிரி இருந்துது."

"ஆமாங்க... அந்த மாதிரிதான்" என்றான் அவன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நெற்றியில் எலுமிச்சம்பழம் போல் வீங்கியதை ஆதிமூலத்திடமிருந்து மறைக்க முடியுமா? முடியவில்லை. அவர் சத்தம் போடவில்லை. அதுதான் வேதாவுக்குப் பயமாக இருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, நாளையிலிருந்து பழையபடி தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். வேதா கெஞ்சினாள், வாதாடினாள், கடைசியில் அழுதாள். அவள் அழுதால் அவருக்குத் தாங்காது.

"சரி பாப்பா. கார்த்திகை தீபத்துக்குக் கொடியேத்தறதுக்குள்ள அந்தப் பாதையைச் சரி பண்ணச் சொல்லு. பண்ணலையா... அதோட தனியா போற பேச்சே வரக் கூடாது."

கொடியேற்றத்துக்கு முழுதாக ஒரு மாதம்கூட இல்லை. வேதா மறுநாளே அடுத்த மனுவைச் சொல்ல, மையத்தில் உடன் வேலை செய்யும் மதிவதனி எழுதினாள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அதற்கிடையில், அடிபட்ட மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்தில் அந்தக் குரல் காத்திருந்தது. அதற்கடுத்த நாளும்தான். பக்கத்தில் வேலை நடப்பதாகச் சொன்னான். வேதா வம்புக்கு இழுத்தாள்.

"தினம் இதே நேரத்துக்கு இங்கதான் வேலையா?"

"ஆமாங்க. வேலை கொஞ்சம் ஜாஸ்தி."

"இன்னா வேலை?"

"பஸ்ஸு வருதானு பாக்கறதுங்க..."

வேதா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். பயனில்லை.

முழங்கையைக் கொடுத்துவிட்டு அவன் கேள்வியாகக் கேட்பான். புள்ளி டைல்ஸ் எத்தனை வரிசை வேண்டும், திருப்பத்தில் என்ன செய்ய வேண்டும், கம்பத்துக்கு எவ்வளவு தூரம் முன்னால் பாதை வளைய வேண்டும்... இவ்வளவு அக்கறையாக இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "ஐயோ பாவம்" என்றவர்கள் உண்டு, "எப்படிம்மா சமாளிக்கற?" என்றவர்கள் உண்டு. "புள்ளி எத்தனை வரிசை?" என்று கேட்டவன் இவன் ஒருவன்தான்.

ஒருநாள் பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. இருவரும் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் ஒதுங்கினார்கள். வேதாவுக்கு மழை என்றால் கொள்ளைப் பிரியம். மற்ற நாட்களில் தட்டினால்தான் தெரியும் பொருட்களெல்லாம், மழை வந்தால் தாமாகவே பேசும். தகரக் கூரை படபடக்கும். புங்க மரம் சலசலக்கும். நிறுத்தி வைத்த ஆட்டோவின் தார்ப்பாய் மத்தளம் கொட்டும். எது எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று தெருவே எழுந்து நின்று சொல்லும். அதை அவனிடம் சொன்னாள்.

"கண்ணை மூடிக்கினு கேட்டேன்" என்றான் பிறகு. "ஆமாங்க... ஆட்டோ தெரியுது."

அந்த ஒரு சொல்லில் வேதாவின் நெஞ்சுக்குள் ஏதோ நழுவியது. ஏய் வேதா, ஒழுங்கா நில்லு என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள். தன் சட்டையில் மழை தெறிப்பது எப்படிக் கேட்கிறது என்று அவன் கேட்டபோது, கேட்கவே இல்லை என்று பொய் சொன்னாள். கேட்டது. நன்றாகவே கேட்டது.

மனு கொடுத்த பத்தாம் நாள், புதன்கிழமை, அதிகாரி ஒருவர் பாதையைப் பார்க்க வந்தார். மதிவதனியோடு வேதாவும் போயிருந்தாள். அன்று காலை மட்டும் ஏனோ முருகவேல் நிறுத்தத்தில் இல்லை. ஒப்பந்தக்காரர் அப்பாதுரை முதலில் பேசினார். பெரிய குரல். பாதை வரைபடத்தில் உள்ளபடியே போடப்பட்டிருக்கிறது என்றார். ஸ்டிக்கை ஒழுங்காகத் தட்டி, கவனமாக வந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு அடிபட்டிருக்காது என்றார். வேதாவின் காது சூடாகிவிட்டது. பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"இந்த வேலைக்கு யார் சூப்பர்வைசர்?" என்று கேட்டார் அதிகாரி.

"நான்தாங்க சார்."

வேதாவின் கையிலிருந்த கோல் அசையாமல் நின்றது. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். அதன் முழங்கையைக்கூடத் தெரியும்.

"அவங்க மேல தப்பு இல்ல சார்" என்றது குரல். "கோடு, புள்ளினு ரெண்டு தினுசு டைல்ஸ் வந்துது. எது எதுக்குனு எனக்குத் தெரியல. அழகுக்குப் போடறதுனு நெனச்சேன். நேரா கோடு போட்டா பார்வையா இருக்கும்னு கோட்டையெல்லாம் வரிசையா போட்டுட்டேன். மீந்த புள்ளியை டீக்கடை முன்னால பூ மாதிரி வெச்சேன். வேலை முடிஞ்சதை போட்டோ புடிக்க வந்த அன்னிக்குத்தான் அவங்க வந்தாங்க. போட்டோ எங்கிட்ட இருக்கு. கோடு நேரா கம்பத்துக்குப் போறது அதுல தெளிவா தெரியும். தப்பு என்னுதுதான் சார்."

அப்பாதுரை பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பேரைச் சொன்னார். அதிகாரி போட்டோவைப் பார்த்தார். கொடியேற்றத்துக்குள் மொத்தப் பாதையையும் பெயர்த்து மறுபடி போட வேண்டும் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். வேதா ஜெயித்துவிட்டாள். ஆனால் ஜெயித்தவள் மாதிரியா இருந்தாள்? முகம் கறுத்துப் போயிருந்தது.

எல்லோரும் போனபின் காலடிச் சத்தம் அருகில் வந்து நின்றது.

"வேதா..."

"அந்த ஆபீசருகிட்ட சொல்ல வந்த வார்த்தை, இத்தனை நாளா எங்கிட்ட சொல்ல வரலையா?"

"சொல்லணும்னுதாங்க தினம் வந்தேன்."

"வந்து?"

"சொல்லிட்டா... அப்பறம் நீங்க என் முழங்கையைப் புடிக்க மாட்டீங்களேனு பயந்துட்டேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் வேதா உருகியிருப்பாள். இப்போது அது எரிகிற தீயில் எண்ணெயாக விழுந்தது. "நான் பாதையை நம்பினேன், நெத்தியில இடிச்சுக்கினேன். உங்களை நம்பினேன்... அதே கம்பம்தான். நாளையிலேருந்து வராதீங்க. பாவம் பாத்து முழங்கை குடுக்கற ஆளு எனக்கு வேணாம்."

திரும்பி நடந்தாள். பின்னால் காலடிச் சத்தம் வரவில்லை. வரக் கூடாது என்றுதான் சொன்னாள். வரவில்லையே என்று ஏன் காது கூர்ந்தது... அதை அவளிடமே கேட்க வேண்டும்.

அடுத்த நாளிலிருந்து நடைபாதையில் டைல்ஸ் பெயர்க்கும் சத்தம். உளியும் சுத்தியும் டக் டக்கென்று அடிக்கும். வேதா எதிர்ப்பக்கமாக நடந்து போவாள். அவள் கோல் சத்தம் கேட்டதும் ஒரு சுத்தியல் மட்டும் நின்றுவிடும். அவள் கடந்து போனபின் மறுபடி தொடங்கும். ஒருநாள், இரண்டு நாள், ஐந்து நாள்... யாருக்கு ரோஷம் அதிகம் என்று போட்டி நடப்பது போல் இருந்தது.

ஆறாம் நாள் விசாரணைக் காகிதங்களின் நகல் மையத்துக்கு வந்தது. அதோடு அந்தப் போட்டோவும். மதிவதனி அதை எடுத்தவள், வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

"இன்னா அப்படிப் பாக்கற? நான் கம்பத்துல முட்டறது அவ்ளோ நல்லா இருக்கா?"

"முட்டறதுக்கு ஒரு நொடி முன்னால எடுத்தது வேதா" என்றாள் மதிவதனி. "கம்பம் இருக்கு, கோடு இருக்கு. அதெல்லாம் ஓரமாத்தான் இருக்கு. நடுவுல நீ சிரிக்கற. உன்னோட மூணு வருஷமா இருக்கேன்... இப்படி நீ சிரிச்சு நான் பாத்ததில்ல. கண்ணெல்லாம் சிரிக்குது."

வேதாவுக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. பாதையே கையைப் பிடித்துக் கூட்டிப்போன அந்தப் பத்து நொடி. அதை ஒருவன் பார்த்திருக்கிறான். அடுத்த நொடி அது உடைந்ததையும், தன்னால்தான் உடைந்தது என்பதையும் பார்த்திருக்கிறான். பத்து நாளாக அவன் கொடுத்தது பாவம் பார்த்த முழங்கையா, வேறா என்று முதல்முறையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது.

அன்று மாலை ஆதிமூலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, யாரிடமோ சொல்வது போல் சொன்னார். "அந்தப் பையன் கைக்குட்டையால கண்ணைக் கட்டிக்கினு, கோலை வெச்சுக்கினு, போட்ட வரைக்கும் நடந்து நடந்து பாக்கறான். நேத்து ரெண்டு தடவ விழுந்தான். எழுந்து, அந்த எடத்தைப் பேத்துட்டு மறுபடி போடறான். அவன் மொதலாளி, இந்த வேலையோட உன் கணக்கு முடிஞ்சுதுனு சொல்லிட்டாராம். அப்பவும் உட்டுட்டுப் போவல."

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

ஆதிமூலம் தொண்டையைச் செருமினார். "தவிடு வாங்க அந்தப் பக்கம் போனேன்."

தினமும் பேருந்துக்குப் பின்னால், நூறடி தள்ளி, சைலன்சர் ஓட்டையான ஒரு வண்டி தவிடு வாங்க வருவதை வேதா முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாள். அப்பாவின் மானம் போக வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தாள். இப்போதும் சொல்லவில்லை. இரவு திரும்பிப் படுத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. பேருந்திலிருந்து வேதா இறங்கினாள். எங்கோ பின்னால் படபடவென்று ஒரு வண்டி வந்து நின்றது. சுத்தியல் சத்தம் எதுவும் இல்லை. வேலை முடிந்துவிட்டது போலிருக்கிறது. ஆட்களும் போயிருப்பார்கள். அவனும்.

கோலை நீட்டினாள். கோடு. நடந்தாள். கோடு... கோடு... இந்த முறை மெதுவாக நடந்தாள். ஒருமுறை ஏமாந்த கால் அல்லவா? திடீரென்று காலுக்கடியில் புள்ளிகள். ஒரு வரிசை, இரண்டு, மூன்று. அவள் சொன்ன கணக்கு. நின்றாள். கோலைத் துழாவினாள். பாதை இடப்பக்கம் வளைந்தது. வளைந்த வழியே போனபோது, வலப்பக்கத்தில் மழைத்துளிகள் இரும்பில் பட்டுக் கிணுங்கின. அந்தக் கம்பம். நல்ல பிள்ளையாக இரண்டடி தள்ளி நின்றது. மறுபடி கோடு. டீக்கடை, ஜெராக்ஸ் கடை, புங்க மரம் என்று ஒவ்வொன்றாக மழை சொல்லிக்கொண்டே வந்தது. கடைசியில், மையத்தின் வாசலில், மூன்று வரிசைப் புள்ளிகள். நின்றாள். முந்நூறு அடியும் முடிந்துவிட்டது. யாரையும் தொடாமல், யாரும் தொடாமல்.

சிரிப்பு வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது. மழையில் எது எதுவென்று யாருக்குத் தெரியப் போகிறது?

கேட் ஓரத்தில் ஒரு சட்டையின் மேல் மழை தெறிக்கும் சத்தம். வேதாவுக்கு நன்றாகவே கேட்டது.

"நனையறீங்க முருகவேல்."

அவன் திடுக்கிட்டது மூச்சில் தெரிந்தது. "போயிடறேங்க. பாதை சரியா இருக்கானு பாத்துட்டுப் போவலாம்னுதான் நின்னேன். வேற வேலை கெடச்சுட்டுது, போளூர் பக்கம். இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்."

"சரியா இருக்கு."

"சந்தோசங்க."

"அவ்ளோதானா? வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா? இப்பவும் சொல்லாம விட்டீங்கன்னா, அப்பறம் எந்த ஆபீசரும் வந்து கேக்க மாட்டாரு."

மழை கொஞ்சம் வலுத்தது. அவன் ஓரடி அருகில் வந்தான். புள்ளி வரிசைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டான்.

"பாவம் பாத்து வரலைங்க" என்றான். "அந்தச் சிரிப்பை உடைச்சவன் நான். மறுபடி அதைப் பாக்கணும்னு வந்தேன். தினம் வந்தேன். வர வர... அதைப் பாக்காம ஒரு நாளும் இருக்க முடியாதுனு ஆயிடுச்சு. உங்களைப் புடிச்சிருக்கு வேதா. நீங்க வேணாம்னு சொன்னாலும் புடிச்சிருக்கும். இதைத்தான் முதல்ல சொல்லாம விட்டேன்."

வேதா நெற்றியில் வீங்கியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். வலி எப்போதோ போய்விட்டிருந்தது.

"இந்தப் பாதையில நடக்க எனக்கு யாரோட தொணையும் வேணாம். தெரியுமில்ல?"

"தெரியும்ங்க. அதுக்குத்தானே போட்டேன்."

"எங்க அப்பாவும் வேணாம். நீங்களும் வேணாம்."

"சரிங்க..."

"தனியாவே வருவேன், தனியாவே போவேன்."

"போங்க வேதா." அந்தப் 'போங்க'வில் எவ்வளவு ஆசை, எவ்வளவு வலி.

வேதா கோலை மடித்தாள். மடக், மடக், மடக்கென்று நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் வெளியில் கோலை மடித்து முருகவேல் பார்த்ததில்லை.

"அப்ப முழங்கையைக் குடுங்க" என்றாள். "ஆபீசுக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்கு. டீக்கடை வரைக்கும் போயிட்டு வரலாம். வழி தெரியாம கேக்கல... எனக்கும் புடிச்சிருக்கு, அதனால கேக்கறேன்."

முழங்கை வந்தது. ஈரமாக, தயங்காமல் வந்தது. அவள் அதை இந்த முறை லேசாகப் பிடிக்கவில்லை.

நூறடி தள்ளி, புங்க மரத்தடியில் அந்த ஓட்டை சைலன்சர் வண்டி உறுமியது. வழக்கம்போல் பின்னால் வரும் என்று வேதா காது கொடுத்தாள். வரவில்லை. வண்டி வட்டமடித்துத் திரும்பி, அடி அண்ணாமலை போகும் பக்கமாகப் படபடத்துக்கொண்டே போய்விட்டது.